நத்தைகுத்தி நாரையின் அலகில் தெரியும் வானம்

பறவைகளும் மனிதர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், சிறுநெல்வாக்கம் ஏரியில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் குஞ்சுகள் இருக்கும்வரை மதகைத் திறக்கக் கூடாது. மரத்தடியில் தண்ணீர் நின்றால் நரி வராது. குஞ்சுகள் பறந்த பிறகு தண்ணீர் வயலுக்குப் போகும். பறவைகளின் எச்சம் கலந்த அந்தத் தண்ணீரில் நெல் நன்றாக விளைந்ததால் ஊரும் பொறுத்துக்கொண்டது.

மதகைப் பார்த்துக்கொண்டவர் கன்னியப்பன். மார்கழி பிறந்தால் தினமும் காலையில் கரைமேல் ஏறி நின்று, பனி விலகும்வரை மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் மழை முன்னதாகவே நின்றுவிட்டது. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் கீழ்வயல்கள் வெடிக்கத் தொடங்கின. கீழ்வயல் தேசம்மா தினமும் கரைக்கு வந்து கேட்டாள். கடைசியில் ஒரு நாள், “உன் விருந்தாளிங்களுக்குப் பந்தி முடிஞ்சுதுன்னா எங்களுக்கும் ஒரு வாய் தண்ணி ஊத்து, கன்னியப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை மரங்களை உற்றுப் பார்த்தார். எல்லாம் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம், ஒரே நேரான அலகு. சின்னத் தலை ஒன்றுகூட இல்லை. குஞ்சுகள் பறந்துவிட்டன என்று முடிவுசெய்து, மதகின் அடைப்புக் கல்லை அதன் இரும்புக் கம்பியோடு தூக்கிவிட்டார்.

நத்தை தேடப் போயிருந்த சாம்பா என்ற நாரை உச்சிவேளையில் திரும்பியது. மரத்தடியில் தண்ணீர் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. கரையோரம் ஒரு நரி காலை நீட்டி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பா நேராகக் கன்னியப்பனிடம் போய் இறங்கியது.

“ஏன்யா திறந்தே?”

குஞ்சுகள்தான் போய்விட்டனவே என்றார் அவர்.

“மரத்துல நிக்கிறதுல பாதி குஞ்சுங்கதான். உடம்பு எங்க அளவுக்கு வந்துடுச்சு. றெக்கைக்கு இன்னும் பலம் வரல.”

கன்னியப்பன் மரங்களை மறுபடி பார்த்தார். “இங்கேருந்து பார்த்தா எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினார். ஓட்டத்தின் வேகத்தில் அடைப்புக் கல் மதகுக் குழியில் உட்கார மறுத்து ஒருபக்கமாகச் சாய்ந்தது. கீழே கல்லைத் தள்ள ஓர் ஆள் போதும். ஆனால் மேலே கம்பியை யாராவது நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் மனிதர் யாரும் இல்லை.

சாம்பா கம்பியை அலகால் கவ்வியது.

தண்ணீர் இழுத்த இழுப்பில் கம்பி அதிர்ந்தது. சாம்பா விடவில்லை. அதற்குக் கழுத்து துவண்டபோது இன்னொரு நாரை வந்து கவ்வியது, பிறகு இன்னொன்று. வளர்ந்த நாரைகள் எல்லாம் முறைவைத்துப் பிடித்தன. குஞ்சுகள் மரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் கல் குழிக்குள் இறங்கியது. மரத்தடியில் முழங்கால் அளவுக்காவது தண்ணீர் மிஞ்சியிருந்தது. நரி சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சண்டை போடலாம் என்று வந்த தேசம்மா, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த கன்னியப்பனைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். குஞ்சுகள் பறக்க இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் சாம்பாவிடம் கேட்டாள். மூன்று வாரம் என்றது சாம்பா. அந்த மூன்று வாரமும் அவளும் கன்னியப்பனும் குடத்தில் மொண்டு வயலுக்கு ஊற்றினார்கள். பாதி வயல் தேறியது.

கம்பியைப் பிடித்த நாரைகளின் அலகு மட்டும் மறுபடி மூடவில்லை. நுனி சேர்ந்தது, நடுவில் கம்பி இருந்த இடம் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. “வாயை மூடுக்கா, ஈ நுழையப் போகுது” என்று நீர்க்காகம் கேலி செய்தது. இனி எப்படிச் சாப்பிடுவது என்று சாம்பா இரண்டு நாள் பயந்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் சேற்றில் ஒரு நத்தையைக் கவ்வியபோது, அது வழுக்காமல் அந்த இடைவெளியில் உட்கார்ந்தது.

அடுத்த மார்கழியில் கன்னியப்பன் கரைமேல் நின்று பார்த்தார். சில நாரைகளின் அலகு நடுவே கீற்றாக வானம் தெரிந்தது. சிலவற்றில் தெரியவில்லை. அவர் மதகுப் பக்கம் போகாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

அன்று தொடங்கியதுதான், நத்தைகுத்தி நாரையின் குஞ்சுக்கு அலகு நேராக மூடியிருப்பதும், வளர வளர நடுவில் திறப்பதும். இன்றும் குளிர்காலத்தில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், இது தாயா குஞ்சா என்று தெரியாதபோது, அலகின் நடுவே வானம் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.