துவைக்கத் துவைக்கச் சிவந்த துணி

ராஜா நினைத்ததே சட்டம், முரசில் கேட்டதே சேதி என்று உலகம் நடந்த காலம் அது. அந்தக் காலத்தில் தாழைநாடு என்று ஒரு நாடு. கேளுங்கள் பிள்ளைகளே! பெரியவர்களும்தான். சின்னப் பிள்ளைகள் கதை என்று எழுந்து போகிற ஆட்கள் போகலாம், ஆனால் இது உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிற கதை.

தாழைநாட்டில் முகத்தைப் பார்த்து யாரும் யாரையும் மதிக்க மாட்டார்கள். துணியைப் பார்த்துத்தான் மதிப்பார்கள். வயலில் இறங்குகிறவரும் மாடு வளர்ப்பவரும் நீலம் கட்ட வேண்டும். கடை வைத்தவர் மஞ்சள் கட்ட வேண்டும். அரண்மனை அதிகாரி சந்தன நிறம் கட்ட வேண்டும். அப்படியானால் சிவப்பு? அதன் பேச்சே எடுக்கக் கூடாது! அது ராஜாவுக்கு மட்டும். வேறு யார் உடம்பிலாவது நூலளவு சிவப்பைப் பார்த்தால் போதும். மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவார்கள்.

அந்தச் சிவப்பை எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்றும் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. சாயவேரை இடிப்பதும் காய்ச்சுவதும் அரண்மனை மதிலுக்குள்ளே. அங்கே வேலை செய்கிறவர்கள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே சாக வேண்டும். மதிலைத் தாண்டினால் தலை இருக்காது.

இத்தனை சட்டத்தையும் காப்பதற்கு ஓர் அதிகாரி இருந்தார். பெயர் கொற்றப்பன். நிறக்காவலர் என்று பதவி. சந்தையில் அவர் தலை தெரிந்தால் பெண்கள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்வார்கள். ஒரு குயவனின் இடுப்புக் கயிற்றில் ஒற்றைச் சிவப்பு நூல் இருந்தது என்று, அழ அழ அவனை எல்லைக்கு அனுப்பியவர் இவர்தான். "ஒரு நூல்தானே சாமி!" என்று அவன் பெண்டாட்டி காலில் விழுந்தாள். "ஒரு நூலானாலும் சிவப்பு சிவப்புதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார் மனிதர்.

ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் ராஜா தன் அதிகாரிகளுக்குப் புது வேட்டி கொடுப்பார். கடுக்காய்த் தண்ணீரிலும் படிகாரத்திலும் ஊறிச் சந்தன நிறமான வேட்டி. அடுத்த பெரிய சபைக்கு அதைத்தான் கட்டி வர வேண்டும். அதுவரை பெட்டியில் வைத்திருக்க வேண்டும். நம் கொற்றப்பனுக்கு அந்தப் பொறுமை ஏது? வாங்கின கையோடு கட்டிக்கொண்டார். கட்டினதோடு விட்டாரா, அரண்மனைச் சாயக்கொட்டிலுக்குள் போய் நாலு பேரை அதட்டிவிட்டு வரலாம் என்று நுழைந்தார்.

கொட்டிலில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. "எட்டி நில்லுங்க ஐயா, தெறிக்கும்!" என்றாள் கிண்டிக்கொண்டிருந்தவள்.

"எனக்கு நீ சொல்கிறாயா?" என்று பானைக்குள்ளேயே தலையை நீட்டினார் அவர். தெறித்தது. வேட்டியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சேற்று நிறத்தில் கறை. சேறுதானே, துவைத்தால் போயிற்று என்று தட்டிவிட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி தையல்நாயகி பூந்திக்கொட்டை போட்டுத் துவைத்தாள். வெயிலில் காயவைத்தாள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கறையின் சேற்று நிறம் போய் ரோஜா நிறம்.

கொற்றப்பன் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அழுக்கெடுக்கும் உவர்மண் கொண்டுவரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே கும்மித் துவைத்தார். கொல்லையில் காயவைத்தார். ரோஜா நிறம் போய்ச் செம்பருத்தி நிறம்.

சாணத்தைக் கரைத்து அதில் ஊறப்போட்டார். பிழிந்தார், அலசினார், உலர்த்தினார். எடுத்துப் பார்த்தார். ஐயோ! ராஜாவின் மேல்துண்டு எந்தச் சிவப்போ அதே சிவப்பு.

இப்படி ஒரு கூத்து உண்டா! உலகத்தில் எந்தத் துணியும் துவைத்தால் வெளுக்கும். இது துவைக்கத் துவைக்கச் சிவக்கிறது. சாயவேரின் குணமே அது. தண்ணீரும் வெயிலும் படப்படத்தான் அந்தச் சிவப்பு வெளியே வரும். மதிலுக்கு வெளியே அதைத் தெரிந்துகொண்ட ஒரே ஆண்பிள்ளை நம் கொற்றப்பன். தெரிந்து என்ன செய்ய? சோறு இறங்கவில்லை. வாசலில் யாராவது இருமினால்கூட எழுந்து உட்கார்ந்தார்.

"நேரே போய் ராஜாகிட்ட சொல்லிடுங்களேன். தெறிச்சதுதானே" என்றாள் தையல்நாயகி.

"குயவனுக்கு ஒரு நூல்தான்டி. எனக்கு விரல் அகலம்."

 வேட்டியின் கறைபட்ட ஓரத்தை அவர் கத்தரித்து எடுத்தார். அவள் மிச்ச வேட்டியை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். கத்தரித்த துண்டை என்ன செய்வது? ராஜா கொடுத்த துணியை நெருப்பில் போடுவது ராஜாவையே நெருப்பில் போடுவது போல என்று அந்த நாட்டில் ஒரு பயம். அதனால் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அந்தத் துண்டு முழுக்கத் தேய்த்துக் கறுப்பாக்கி, வாய்க்கால் கரைப் புதரில் எறிந்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்தார்.

எறிந்தாரே, நிம்மதி வந்ததா? வரவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டார்.

பெரிய சபை கூடியது. தைத்த ஓரத்தை முழங்காலுக்குக் கீழே மறைத்துக்கொண்டு கொற்றப்பன் தன் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து அதிகாரி ஏதோ கேட்டதற்கு இல்லை என்பதற்குப் பதிலாக ஆமாம் என்றார். எல்லோரும் தன் வேட்டியையே பார்ப்பது போல அவருக்கு இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை.

அப்போது காவலர்கள் ஒரு பெண்ணை இழுத்துவந்தார்கள். நீலச்சேலை கட்டின மோர்க்காரி. நாச்சி என்று பெயர். இடுப்பில் பால் மணம் மாறாத பிள்ளை. பிள்ளையின் கையில் கட்டியிருந்தது ஒரு சிவப்புத் துண்டு.

கொற்றப்பன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் துண்டு அவருக்குத் தெரியாதா?

"சாமி, நான் எடுத்தப்போ இது கறுப்பு!" என்று நாச்சி அலறினாள். "வாய்க்கால் கரையில கெடந்துச்சு. கறுப்பாச்சே, பிள்ளைக்குக் கண்ணுபடாம இருக்கட்டும்னு கையில கட்டினேன். தெனம் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டக் குளிப்பாட்டச் சிவந்துபோச்சு. கண்ணேறுக்குக் கட்டினதை அவுத்தா பிள்ளைக்கு ஆகாதேன்னு பயந்து விட்டுட்டேன் சாமி!"

சபை கொல்லென்று சிரித்தது. துவைத்தால் சிவக்குமாம்! இந்தக் கதையை யாரிடம் சொல்கிறாள்? மந்திரி சிரித்தார், தளபதி சிரித்தார், ராஜாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். அவள் சொல்வது அத்தனையும் சத்தியம் என்று அந்தச் சபையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

தண்டனை நடக்க நடக்க மூன்று முறை முரசறைந்து சாட்சி கேட்பது அந்த நாட்டு வழக்கம். மூன்று முரசுக்கும் யாரும் எழுந்து வராவிட்டால் அப்புறம் பேச்சில்லை.

முதல் முரசு முழங்கியது. "இவளுக்குச் சாட்சி உண்டா?" நாச்சியின் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். கொற்றப்பன் குனிந்து தன் கால் விரலைப் பார்த்தார். வேறு யாராவது சொல்ல மாட்டார்களா? வேறு யார் சொல்வது! 

இரண்டாம் முரசு முழங்கியது. "இவளுக்குச் சாட்சி உண்டா?" பிள்ளையின் கையிலிருந்து துண்டைப் பிடுங்கினார்கள். அது வீறிட்டு அழுதது. நாவிதன் கத்தியை நனைத்து, நாச்சியின் நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு வரி சிரைத்தான். கற்றையாக முடி தரையில் விழுந்தது. கொற்றப்பன் எழப் பார்த்தார்.  கழுதையும், ஊர்ச் சிறுவர்களின் கல்லும், எல்லைக்கு அப்பால் இருக்கிற பொட்டல் காடும் கண்ணுக்குள் வந்தன. உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் முரசுக்குக் கோலை ஓங்கினான் முரசுக்காரன்.

"நிறுத்து!"

யார் குரல் என்று எல்லோரும் திரும்பினார்கள். கொற்றப்பன் நின்றுகொண்டிருந்தார்.  வேட்டியின் தைத்த ஓரத்தைப் பிடித்து, தையலைப் பற்றி இழுத்து, சபைக்கு நடுவே பிரித்துக் காட்டினார். "மகாராஜா, அந்தத் துண்டு இந்த வேட்டியிலிருந்து போனது. கறுப்பு பூசி எறிந்தவன் நான். அது துவைக்கத் துவைக்கச் சிவக்கும். அவள் பொய் சொல்லவில்லை. என் வீட்டில் மூன்று முறை துவைத்துப் பார்த்தாயிற்று."

துண்டை வேட்டியோடு வைத்துப் பார்த்தார்கள். இழைக்கு இழை பொருந்தியது. 

 "அவளை விடுங்கள்" என்றார் ராஜா. "நிறக்காவலரே, சிவப்பை உடுத்தியவருக்கு என்ன தண்டனை? இதுவரை நீர்தானே சொல்லிவந்தீர். இப்போதும் நீரே சொல்லும்."

எத்தனையோ பேருக்குத் தடங்கலில்லாமல் சொன்ன தண்டனை. தனக்கென்று வந்தபோது சொல் சொல்லாக விழுங்கி விழுங்கிச் சொன்னார். "மொட்டை. கழுதை. எல்லைக்கு அப்பால்."

அப்படியே செய்தார்கள். தையல்நாயகி ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கழுதையோடு கூட நடந்தாள். ஆச்சரியத்தைப் பாருங்கள், இவ்வளவு நாள் நெஞ்சை அழுத்திய பயம் கழுதைமேல் ஏறினதும் கொற்றப்பனை விட்டுப் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிட்டோம், ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. மனிதர் அப்படித்தானே!

கோட்டை வாசலில் நாச்சி நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை விம்மிக்கொண்டே தூங்கிப்போயிருந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, சிரைத்த இடத்தை ஒரு கையால் மூடியிருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார் அவர்.

"சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது" என்றாள் அவள். "ஆனா மொத முரசு அடிக்கும்போதே உங்களுக்குத் தெரியுமில்ல? அப்ப ஏன் சாமி சும்மா உக்காந்திருந்தீங்க?"

  கழுதைக்காரன் கோலால் தட்டினான், கழுதை நடந்தது. அவள் கேட்டது மட்டும் எல்லைவரை கொற்றப்பன் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது. அதற்கு அப்பாலும் ஒலித்தது என்றுதான் சொல்கிறார்கள்.

கேட்டீர்களா மக்களே? நம்மால் இன்னொருவருக்குத் துன்பம் வருகிறது என்று தெரிந்த அந்த நிமிஷமே எழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்வதற்குள் அவர்கள் படுகிற பாட்டை அப்புறம் யாராலும் திருப்பித் தர முடியாது.