மதகடியில் நாற்பது கூடை

கேளுங்கள். அரசர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ளப் பழகாத காலத்தில், நெடுவயல் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரே ஏரி. ஏரிக்கு ஒரே கரை. அது வடக்கே தொடங்கித் தெற்கே முடியும். கரையின் நடுவில் மதகு. மதகைத் திறக்கவும் மூடவும் ஒரு காவலன். அவன் பெயர் வேம்பன்.

அந்த ஏரிக்கு இரண்டு முறைகள் இருந்தன.

கரையில் கசிவு கண்டால் காவலன் தமுக்கை மூன்று தரம் அடிப்பான். காதில் விழுந்தவர் யாராக இருந்தாலும் ஒரு கூடை மண்ணோடு ஓடி வர வேண்டும். உலையில் அரிசி போட்டவளும் வருவாள், பாதி முகம் மழித்தவனும் வருவான். கூடை சுமந்து வருபவர் மேல் எவரும் கை வைக்கக் கூடாது. இது ஒரு முறை.

ஏரிக்குத் துரோகம் செய்தவனைக் கரையில் நிறுத்தி, வீட்டுக்கு ஒரு கூடை கல் கொண்டு வந்து எறிய வேண்டும். இது இன்னொன்று. முதலாவது ஆண்டுதோறும் நடந்தது. இரண்டாவது ஒருநாளும் நடந்ததில்லை.

ராஜா இறந்தார். நாடு முழுவதும் தனக்கே என்றான் மூத்த மகன். தனக்கே என்றான் இளைய மகன். வடபாதி ஒருவனிடமும் தென்பாதி ஒருவனிடமும் போனது. போர் வந்தது.

முதல் வருஷம் சிப்பாய்கள் செத்தார்கள். இரண்டாம் வருஷம் சந்தை இரண்டாயிற்று. கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு வர முடியவில்லை. மூன்றாம் வருஷம் காற்றுக்கும் பகை வந்தது. தென்றல் வீசினால் வடபாதியில் ஜன்னலைச் சாத்தினார்கள். வாடைக்காற்றைத் திட்டுவது தென்பாதியில் ராஜபக்தி ஆயிற்று. அரண்மனைகளில் சமாதானம் என்றவன் துரோகி, உரக்கக் கத்தியவன் தளபதி.

கரையையும் பங்கு போட்டார்கள். வடக்கே ஒரு முழம் உயர்த்தினால் தெற்கே இரண்டு முழம் உயர்த்தினார்கள். உடைந்தால் எதிரியின் பக்கம் உடையட்டும் என்று இருவருக்கும் எண்ணம். நடுவே மதகை ஒட்டிய பன்னிரண்டு தப்படி தூரம் மட்டும் யாருக்கும் இல்லாமல் தாழ்ந்து கிடந்தது. தமுக்குச் சத்தம் இல்லாமல் அங்கே மண் போடப் போனவன் மேல் இரண்டு பக்கமிருந்தும் அம்பு வந்தது.

அந்த மூன்றாம் வருஷத்தில்தான், ஒரு விடிகாலையில், வடபாதித் தளபதி மதகடிக்கு வந்தான்.

"வேம்பா, தமுக்கை எடு. மூணு தட்டு தட்டு."

"கசிவு எதுவும் இல்லையே ஐயா."

"உன் பெண்டாட்டி, மக எல்லாம் எங்க பாதியிலதானே இருக்காங்க?"

வேம்பன் தட்டினான். தெற்கிலிருந்து நாற்பது பேர் ஓடி வந்தார்கள். நாற்பது தலையிலும் கூடை. மறைந்திருந்த வடபாதி வில்லாளிகள் அம்பு விட்டார்கள். நாற்பது பேரும் மதகடியில் விழுந்தார்கள்.

அந்தக் கூடைகளில் கத்தி இருந்தது என்று வடபாதியில் பறையறைந்தார்கள். ஜனங்கள் நம்பினார்கள். நம்பாவிட்டால் தூங்க முடியாதே. வடக்கத்தியார் அத்தனை பேரும் சேர்ந்து செய்த சதி என்று தென்பாதி நம்பியது. தமுக்கை அடித்தது ஏதோ ஒரு வடக்குச் சிப்பாய் என்றார்கள். வேம்பன் என்று யாரும் நினைக்கவில்லை. வேம்பனும் சொல்லவில்லை.

ஏழாம் வருஷம் பெருமழை. ஏரி நிரம்பியது. அந்தப் பன்னிரண்டு தப்படிக்குள் விரல் பருமனுக்கு ஓர் ஊற்று கிளம்பியது. ஏரிக்கரையைப் பார்த்தே வளர்ந்தவன் வேம்பன். நடுவில் உடைந்தால் தண்ணீர் வடபாதி, தென்பாதி பார்க்காது, இரண்டு ஊரையும் வாரிக்கொண்டு போகும் என்று அவனுக்குத் தெரியும்.

தமுக்கை அடித்தான். வடக்கே கதவைச் சாத்தினார்கள். தெற்கேயும் சாத்தினார்கள்.

ராஜாக்களிடம் போனான். "தெற்கத்தியான் முதலில் மண் போடட்டும்" என்றான் அண்ணன். "வடக்கத்தியான் முதலில் போடட்டும்" என்றான் தம்பி.

தானே சுமந்தான். பகல் முழுக்க முப்பது கூடை. ஊற்று மணிக்கட்டுப் பருமன் ஆயிற்று.

மறுநாள் காலை கரையில் உட்கார்ந்து அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. பயந்து ஒரு பொய்க்குத் துணை போனவனுக்கு நெஞ்சு எப்படி இருக்கும் என்று மட்டும் கொஞ்சம் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எழுந்தான். நேரே தென்பாதிச் சந்தைக்கு நடந்தான். அங்கே செம்பாயி கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பது பேரில் ஒருவன் அவள் புருஷன்.

"என்ன மதகுக்காரரே, உம்ம தமுக்குக்கு வாய் வலிக்கலையா? நேத்தெல்லாம் கத்திச்சு" என்றாள்.

"செம்பாயி, அன்னைக்கு அடிச்சதும் அந்தத் தமுக்குத்தான். அடிச்சது நான்தான்."

அவள் கையிலிருந்த தராசு தரையில் விழுந்தது.

"கசிவு இல்லைன்னு தெரிஞ்சே அடிச்சேன். ஏரிக்குத் துரோகம் பண்ணினவனுக்கு முறை இருக்கு. கரையில் நிக்கிறேன். வீட்டுக்கு ஒரு கூடை. கல் சின்னதா வேண்டாம், பெரிசாவே எடுத்துட்டு வாங்க."

வடபாதிச் சந்தைக்குப் போனான். அங்கேயும் அதையே சொன்னான். ஒன்று மட்டும் கூட்டிச் சொன்னான்: "கூடையில் கத்தி இல்லை. நான் ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்தேன். மண்ணுதான் இருந்துச்சு."

செத்தவர்களில் வடபாதிப் பெண்களைக் கட்டியவர்களும் உண்டு. மாமனார்களும் மைத்துனர்களும் கல் பொறுக்கக் குனிந்தார்கள்.

வேம்பன் போய் ஊற்றுக்கு மேலே நின்றான். தெற்கிலிருந்து ஒரு கூட்டம், வடக்கிலிருந்து ஒரு கூட்டம். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எதிரும் புதிருமாக, கூடை கூடையாகக் கல்லோடு.

வடபாதித் தளபதி கத்தினான்: "பொய் சொல்றான்! அடிச்சுக் கொல்லுங்க இவனை!"

"அடிக்கத்தானே வந்திருக்கோம் தளபதி" என்றார் வடபாதி நாவிதர் ஒருவர். அந்த நாற்பது பேரில் அவர் மருமகனும் போயிருந்தான். "நீங்க ஏன் இவ்வளவு அவசரப்படுறீங்கன்னுதான் விளங்கலை."

செம்பாயி முதல் கல்லை எறிந்தாள். தோளில் பட்டு வேம்பன் மண்டியிட்டான். கல் உருண்டு அவன் காலடிப் பள்ளத்தில் விழுந்தது. அதுவரை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்த சேற்றுத் தண்ணீர் ஒரு கணம் அடங்கி, பிறகு கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். செம்பாயியும் பார்த்தாள்.

இரண்டாவது கல்லைத் தலைக்கு மேல் ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் கண் அவன் முகத்துக்குப் போயிற்று, பள்ளத்துக்குப் போயிற்று, கீழே தெரிந்த தன் ஊர்க் கூரைகளுக்குப் போயிற்று. பிறகு நடந்து வந்து, அந்தக் கல்லைப் பள்ளத்தில் வைத்தாள்.

"இவன் எங்கேயும் ஓட மாட்டான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "தண்ணி ஓடிடும். கொண்டாங்க கூடையை!"

நாவிதர் தன் கூடையைக் கவிழ்த்தார். அடுத்து ஒரு தெற்கத்தியான். அடுத்து ஒரு வடக்கத்தியான். வில்லாளிகள் நாணைப் பிடித்துக்கொண்டு ராஜா உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். ராஜாக்கள் இருவரும் குதிரையில் வந்து சேர்ந்தபோது, ஜனங்கள் கல்லின் மேல் மண் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"கையை வீசிக்கிட்டு வந்து நின்னா எப்படி?" என்று செம்பாயி அவர்களிடமே கேட்டாள். "காதுல தமுக்கு விழலையா? ஏரி முறை ராஜாவுக்கும் உண்டு."

கூடை இல்லை என்றான் அண்ணன். அவன் முதுகில் தொங்கிய கேடயத்தை அவள் சுட்டிக் காட்டினாள். தம்பி ஏற்கெனவே தன் கேடயத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். முந்திக்கொள்வதில் மட்டும் இருவரும் அன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஊற்று நின்றது. கரை நின்றது.

வேம்பன் சேறு அப்பிய உடம்போடு பழைய இடத்தில் போய் நின்றான். "இப்ப ஆரம்பிக்கலாம்" என்றான்.

செம்பாயி காலிக் கூடையைத் தட்டிக் காட்டினாள். "கல்லு தீர்ந்துபோச்சு. அடுத்த வருஷம் கொண்டு வர்றோம். அதுவரைக்கும் செத்துக்கித்துப் போயிடாதே."

அடுத்த வருஷம் மழைக்கு முன் இரண்டு பாதியும் கல்லோடு வந்தன. வேம்பன் வந்து நின்றான். "முதல்ல கரையா, இவனா?" என்று செம்பாயி கேட்டாள். "முதல்ல கரை" என்றார்கள். கரைக்கே கல் சரியாகப் போயிற்று. அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். அவன் கிழவனாகிச் சாகும்வரை ஒவ்வொரு வருஷமும் அவன் நின்றான், அவள் கேட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொன்னதே இல்லை.

போர் அன்றே முடிந்துவிடவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இழுத்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு தப்படிக்குள் அதன் பிறகு ஓர் அம்பும் விழவில்லை. ராஜாக்கள் கடைசியில் பேசுவதற்கு இடம் தேடியபோது, இருவருக்கும் தெரிந்த இடம் அது ஒன்றுதான். தமுக்கு அடித்தால் ஜனங்கள் மறுபடி கதவைத் திறந்தார்கள். வந்தவர்கள் முதலில் நாற்பது கூடை மண்ணைச் செத்தவர்கள் பேரால் மதகடியில் கொட்டினார்கள். பிறகுதான் தங்கள் கூடையைக் கவிழ்த்தார்கள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இது: பொய்யால் பிளந்த நாடு, அந்தப் பொய்யில் தனக்கிருந்த பங்கை ஒருவன் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்துதான் மீண்டும் சேரத் தொடங்கும்.