கறி வாளி

"ஐயா, மூணு மாசமா என்னால கோயில்ல திருவிருந்து அப்பம் எடுக்க முடியல. எந்திரிச்சுப் போறேன். பீடத்துக்குப் பாதி வழியில கால் தானாத் திரும்பிருது."

சொன்னவர் ஞானாபரணம். வயது அறுபத்தாறு. அவரைப் போல நீதிமான் இல்லை என்று சபையே சொல்லும். அவரும் மறுத்ததில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர் உபதேசியார் யேசுவடியான். அவரைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"யார் மேலயாவது கோவமா, அண்ணாச்சி?"

"கோவமா? எனக்கா? எந்தம்பி செல்லத்துரை செஞ்சது ஊருக்கே தெரியும். நான் பம்பாயில இருந்து ரயிலேறி வந்துக்கிட்டிருக்கேன், அதுக்குள்ள அப்பாவை அடக்கம் பண்ணிட்டான். ஒரு நாள் பொறுக்கல. ஒம்போது வருசமாச்சு. அவனை ஒரு சுடுசொல் சொல்லியிருப்பேனா?"

"நல்ல சொல்லு?"

ஞானாபரணம் காதில் விழாதவர் போலத் தொடர்ந்தார்.

"வருசா வருசம் கோயில் அசன விருந்துல நான்தான் கறி பரிமாறுதேன். அவன் இலையில மட்டும் ரெண்டு எலும்பு கூடத்தான் வைக்கேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?"

"வைக்கும்போது அவரு முகத்தைப் பாப்பீங்களா?"

"இலையைப் பாப்பேன்."



"நாளைக்கு அசனத்துல நீங்க பந்தியில உக்காருங்க. கறி வாளியை உங்க தம்பி எடுக்கட்டும்."

"அவன் கையாலயா?" குரல் உயர்ந்தது. "ஐயா, உபவாசம் இருக்கச் சொல்லுங்க, இருக்கேன். நாப்பது நாளுன்னாலும் இருக்கேன்."

"உக்காருங்க, அண்ணாச்சி."

மறுநாள் சனிக்கிழமை. கோயில் வளாகத்தில் ஊரே ஒன்றாக அமர்ந்து சாப்பிடும் அசனம். ஞாயிறு திருவிருந்துக்குள் இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று ஞானாபரணம் முதல் பந்தியில் சம்மணம் போட்டார்.

சோறு வந்தது. கறி வாளியும் வந்தது.

செல்லத்துரை குனிந்து கரண்டியை நீட்டினார்.

இலையை இரண்டு கைகள் மறித்திருந்தன. ஞானாபரணம் பார்த்தார். அவருடைய கைகள்தான். மறிக்கச் சொல்லி அவர் சொல்லவேயில்லை.

செல்லத்துரை நகரவில்லை.

"கறி எங்கப்பா?" என்று பந்தியின் கடைசியில் யாரோ கத்தினார்கள்.

ஒன்பது வருஷமாகக் கூடுதலாக வைத்த எலும்பெல்லாம் ஞானாபரணத்தின் தொண்டையில் வந்து சிக்கியது போலிருந்தது. வெட்கமாக இருந்தது.

வலது கையை எடுத்தார். இடது கை வரமாட்டேன் என்றது. அதையும் இழுத்து மடியில் வைத்தார்.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, அன்னைக்கு அப்பா ஒடம்பு..."

"பொறவு சொல்லு. பசிக்கு. கூட ரெண்டு எலும்பு போடுலே."