சுனைப் பாறையின் பாசி

“அம்மா, கண்ணை மூடினா மனசு ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. ஆறு மாசமா இதே கதைதான்.”

சொன்னவர் தெய்வநாயகம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்தாறு. குரு யோகாம்பாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கணக்குப் பார்த்தால் தெய்வநாயகத்தின் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதுதான்.

“எங்க உக்காந்து மூடுறீங்க?”

“என் அறையில.”

“சுனைப் பக்கம் போறதில்லையா?”

“அங்க வழுக்கும்மா.”

“இப்பதான் வழுக்காதே.”

தெய்வநாயகம் தரையைப் பார்த்தார்.

மலைமேல் அவர்கள் இருக்கும் மடத்துக்கு அந்தச் சுனை ஒன்றுதான் தண்ணீர். மேலே இருக்கும் பாறை முழுக்க மெத்தை மாதிரி பச்சைப் பாசி. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடை முழுக்கச் சொட்டுச் சொட்டாய்ச் சுனைக்கு விடும்.

கார்த்திகையில் வெளியூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் தெய்வநாயகம் அந்தப் பாசியில் வழுக்கி, வேட்டி அவிழ விழுந்தார். சிரித்துவிட்டார்கள். முப்பது வருஷம் யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை.

மறுநாள் ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரு டப்பா பிளீச்சிங் பவுடரைப் பாறையில் கொட்டித் தேய்த்தார். பாசி வெளுத்துச் செத்தது. சுனையில் தவளைகள் மிதந்தன.

குரு அப்போது யாத்திரையில் இருந்தார். யார் செய்தது என்று நிர்வாகி பந்தியில் கேட்டார்.

“பெருக்குற மருதாயியாத்தான் இருக்கும். அதுக்கு என்ன தெரியும்?” என்றார் தெய்வநாயகம்.

படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். அன்றே மருதாயியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பந்தி ஓரமாய் நின்றிருந்த அவள் வாயே திறக்கவில்லை.

இப்போது வைகாசி. பெய்கிற மழை பாறையில் நிற்காமல் ஓடிவிடுகிறது. சுனையில் கணுக்கால் ஆழம்கூட இல்லை.

குரு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன் வைத்தார். உள்ளே பழுப்பாய் ஏதோ தூள்.

“இது என்னங்க ஐயா?”

“பாசி.”

“வேர் எங்க?”

“பாசிக்கு வேர் கிடையாதும்மா. இலையாலதான் தண்ணி குடிக்கும். வருஷா வருஷம் நடத்தின பாடம்.”

“உயிர் இருக்கா?”

“மொறுமொறுன்னு காஞ்சு கிடக்கே. செத்துப்போச்சு.”

குரு ஒரு கை தண்ணீர் தெளித்தார்.

சுருண்டு கிடந்த இலைகள் அசைந்தன. ஒவ்வொன்றாய் விரிந்தன. சூடான டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, பொட்டலம் பச்சையாகிவிட்டது.

பாடம் நடத்தியவர் இதை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

“மருதாயி கொடுத்தனுப்பினாங்க. வேலைய விட்டுப் போன அன்னைக்கு, பவுடர் படாத இடுக்குலேர்ந்து சுரண்டி முந்தானையில முடிஞ்சுகிட்டுப் போயிருக்காங்க. பிச்சுப் பிச்சு ஈரப் பாறையில அமுக்கி வச்சா, ஒவ்வொரு துண்டும் பிடிச்சுக்குமாம்.”

“வேற ஏதாவது சொன்னாங்களா?”

“யார் பேரையும் சொல்லல.”

தெய்வநாயகம் மூச்சு விட்டார். மூச்சு விட்டதற்காக உடனே வெட்கப்பட்டார்.

“ஒண்ணு மட்டும் சொன்னாங்க. வைக்கும்போது படியை விட்டுட்டு வைக்கணுமாம். ‘வாத்தியாரய்யா அந்த வழியாத்தான் இறங்குவாரு, மறுபடி விழுந்துடப்போறாரு’ன்னாங்க.”

அவர் பவுடர் கொட்டியதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் பந்தியில் சும்மா நின்றிருக்கிறாள்.

தெய்வநாயகத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. வேட்டி அவிழ்ந்த அன்று பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு காலில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

“அவங்க வீடு எங்கம்மா இருக்கு?”

“வீட்டுக்கு அப்புறம் போகலாம். அவங்க பேரை நீங்க சொன்னது எந்த இடத்துல?”

மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

கூடத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.