மாடி வீட்டு டீச்சர்

"என் வீட்டு மாடியில குடியிருக்கிற டீச்சர் பாதியிலயே காலி பண்றேன்னு நிக்காங்க. நான் என்ன செய்யட்டும்?"

பூவலிங்கம் மடத்துக்குள் வந்து உட்கார்வதற்குள் கேட்டுவிட்டார்.

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூவலிங்கத்தைவிட வயதில் இளையவர்; ஆனாலும் ஊரில் யோசனை கேட்க எல்லோரும் மடத்துக்கு அவரைத் தேடித்தான் வருவார்கள்.

"எப்படிப்பட்டவங்க, அண்ணாச்சி?"

"சரியான சண்டைக்காரி. குழாய் சொட்டினா சண்டை. படியில லைட் எரியலைன்னா சண்டை. மனைவி போனதுக்கப்புறம் ராத்திரி நான் சமைக்கிறதில்லை. அதுக்கும் மேல இருந்து கத்துவாங்க. கத்திட்டு, இட்லி கொண்டுவந்து வைப்பாங்க."

"தொல்லை விட்டதுன்னு அனுப்பிர வேண்டியதுதானே?"

"அதெப்படி? சித்திரை வரைக்கும் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. வாக்குன்னா வாக்கு."

"ஏன் போறாங்களாம்?"

"நாகர்கோவில்ல அவங்க அக்கா கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிட்டுதாம். பக்கத்துல ஆளில்லையாம்."

குருவம்மா ஒரு கீரைத் தண்டை ஒடித்தார்.

"சரி, கையெழுத்தைக் காட்டி நிறுத்திருங்க."

பூவலிங்கத்துக்கு ஆச்சரியம். "நிறுத்தலாமா?"

"நிறுத்தலாமே. சித்திரை வந்ததும் என்ன செய்வீங்க?"

"இன்னும் ஒரு வருஷம் இருங்கன்னு கேப்பேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

குருவம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கீரையிலேயே கண்ணாக இருந்தார்.

பூவலிங்கம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பிடித்து வந்தவர் பூவலிங்கம்.

எஸ்தர் டீச்சர் மாடிப்படியில் நின்று கத்தினார். "மெதுவா, அண்ணாச்சி! சுவத்துல இடிக்காதீங்க!"

"என் சுவர்தானே, டீச்சர்."

"என் ஆர்மோனியம்!"

கட்டில், பாத்திரம், துணிமூட்டை எல்லாம் ஏறின. கடைசியில் பூவலிங்கமும் வேனில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்க வாறீங்க?"

"உங்க அக்கா வீடும் மாடிதானாமே. இதையெல்லாம் யாரு ஏத்துவா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"தள்ளி உக்காருங்க. ஜன்னல் எனக்கு."