கொன்றவனின் இழை

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரிகிற உயிர்களும் பேசின, தெரியாத உயிர்களும் பேசின. அப்போது சாம்பல் நிற மயிலைப் பசு ஒன்றின் இரைப்பைக்குள் ஓர் ஊர் இருந்தது. வெயிலே பார்த்திராத ஊர். பசு மேய்ந்தால் அங்கே புல் மழையாக விழும். பசு படுத்து அசைபோட்டால் விழுந்த புல் மேலே போய், நைந்து, திரும்பி வரும். ஊர்க்காரர்கள் அதை வைத்துத்தான் பொழுது பார்த்தார்கள்.

இன்று நாம் பாக்டீரியா என்று சொல்வது அவர்களைத்தான். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பசுவால் புல்லைக் கடிக்க முடியும், விழுங்க முடியும், நாரை உடைக்க மட்டும் முடியாது. நாரை அரிந்து சத்தாக்கிக் கொடுப்பது ஊர்க்காரர்களின் வேலை. ஆளுக்கோர் அரிவாள் இருந்தது. பசு அவர்களுக்குச் சூடும் இடமும் கொடுத்தது.

பொடிச்சி என்பவள் அந்த ஊரில் பேச்சுக் குறைந்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாக நின்று எல்லார் கையையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் உடன்பிறந்தவள் நெடுவாலி. ஒரே தாய் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகிப் பிரிந்தபோது ஒரு பக்கம் பொடிச்சி, மறு பக்கம் நெடுவாலி. யார் மூத்தவள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனாலேயே அந்தச் சண்டை தீரவில்லை.

"ஏ தங்கச்சி, இந்தச் சோளத்தட்டையைப் பிடி," என்பாள் நெடுவாலி.

"யாரு தங்கச்சி? வால் நீளமா இருந்தா அக்கா ஆயிடுவியா?" என்பாள் பொடிச்சி. அவள் வாய் திறந்து பேசுவது அக்காள் தங்கை வழக்குக்கு மட்டும்தான்.

ஆனால் வேலையில் நெடுவாலிதான் கெட்டி. கோடையில் புல் காய்ந்து, பசுவுக்குச் சோளத்தட்டைதான் கிடைக்கும். தட்டையின் கணுவில் எல்லார் அரிவாளும் வழுக்கும். நெடுவாலி மட்டும் எங்கோ ஒரு சாய்வில் அரிவாளை வைப்பாள், கணு இரண்டாகும். அந்த வித்தை அவளுக்குள் இருந்த இழையில் எழுதியிருந்தது.

இழை என்பது அந்த ஊரில் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் சுருண்டு கிடப்பது. எந்தப் புல் கசக்கும், சூடு ஏறினால் எப்படித் தோலை இறுக்குவது, அரிவாளை எப்படிப் பிடிப்பது எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் செத்தால் தோல் பிளந்து இழை வெளியே மிதக்கும். அப்போது அக்கம்பக்கத்தார் வேலையை நிறுத்தி, தங்கள் தோலைத் திறந்து, ஆளுக்கொரு துண்டை உள்ளே வாங்கிக்கொள்வார்கள். இதற்கு இழையெடுப்பு என்று பெயர். அழுகை, பாட்டு எதுவும் கிடையாது. செத்தவரின் இழையை வேண்டாம் என்று சொல்வதைப்போல ஓர் அவமரியாதை அந்த ஊரில் இல்லை. அப்படிச் சொன்னவரும் இல்லை.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கணு வெட்டுற துண்டை நீதான் எடுக்கணும்," என்று நெடுவாலி ஒருமுறை சொன்னாள். "உருளையண்ணன் கையில சிக்கிட்டா, அந்த ஆள் அதை வச்சு முதுகுதான் சொறிவார்."

உருளையன் பக்கத்து மேட்டில் இருந்தவர். உருண்டையானவர். ஊர் வழக்கம் எதிலும் அவர்தான் முன்னால் நிற்பார்.

ஒரு கோடை நாளில் பசு கலங்கிய குட்டையில் தண்ணீர் குடித்தது. அந்தத் தண்ணீரோடு ஒருவன் வந்து இறங்கினான். பட்டை தீட்டிய கல்லைப்போலத் தலை, அதன் கீழே மெல்லிய தண்டு, ஆறு கால்கள். வாய் இல்லை, அரிவாள் இல்லை. அவன் அளவே ஊர்க்காரர்களின் கட்டை விரல் அளவுக்கு வரும், அவர்களுக்குக் கட்டை விரல் இருந்திருந்தால்.

ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. "வாயே இல்லாதவன், நம்ம சோத்துல என்னத்தைக் குறைச்சுடப் போறான்?" என்றார் உருளையன். எல்லாரும் சிரித்தார்கள்.

"நிக்க ஓர் இடம் போதும்," என்றான் அவன். குரல் தலைக்குள்ளிருந்து வந்தது. "ரொம்ப தூரம் வந்துட்டேன். சாகப் போறேன்."

நெடுவாலி இளகிய மனசுக்காரி. "என்மேல சாஞ்சுக்கோப்பா," என்றாள்.

அவன் ஆறு கால்களையும் அவள் தோலில் ஊன்றினான். தண்டு ஒருமுறை சுருங்கியது. தலைக்குள் இருந்த இழை முழுவதும் அவள் உடம்புக்குள் இறங்கியது. பிறகு அவன் அசையவில்லை. காலிக் கூடாக அவள்மேல் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"போயிட்டான், பாவம்," என்றார் உருளையன். "போகிற நேரத்துல தன் இழையைத் தானே கொடுத்துட்டுப் போயிருக்கான். மரியாதை தெரிஞ்சவன்."

நெடுவாலிக்கும் பெருமைதான். "யாரும் கேட்காமலே கொடுத்தான்," என்றாள்.

பொடிச்சி ஓரத்தில் நின்று பார்த்தாள். செத்தவர்களின் தோல் பிளந்துதான் இழை வெளியே வரும். இவனுடையது பிளக்கவில்லை. இதை அவள் கவனித்தாள். சொல்லலாமா என்று யோசித்தாள். எல்லாரும் பேசிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

பசு ஒருமுறை அசைபோட்டு முடிப்பதற்குள் நெடுவாலி மாறிப்போனாள். பொடிச்சி தட்டையோடு போனபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா, தங்கச்சி என்று எதுவும் சொல்லவில்லை. அவள் தோல் மெலிந்து, உள்ளே இருப்பது நிழலாகத் தெரிந்தது. உள்ளே வரிசை வரிசையாகச் சிறிய கால்கள். பட்டை தீட்டிய சின்னஞ்சிறு தலைகள்.

"என்ன செய்யறே?" என்று கேட்டாள் பொடிச்சி.

"தெரியல. கை செய்யுது. அவன் இழை சொல்லுது, என் கை செய்யுது. நிறுத்த முடியல."

"அரிவாள் எங்கே?"

"அதை உருக்கித்தான் காலெல்லாம் வார்த்திருக்கேன்." நெடுவாலி தன் வயிற்றைக் காட்டினாள். "அவன் என் இழையை உள்ளே துண்டு துண்டா நறுக்குறான். கணு வெட்டுற பக்கம் இன்னும் மிச்சம் இருக்குன்னு நினைக்கிறேன். நான் போனதும் எடுத்துக்கோ. மறந்துடாதே."

"நீ போக மாட்டே."

"எடுத்துக்கோ," என்றாள் அவள்.

சொல்லி முடிப்பதற்குள் அவள் தோல் நாலு பக்கமும் பிளந்தது.

உள்ளிருந்து நூறு பேர் வந்தார்கள். எல்லாரும் அவனேதான். அவர்களுக்கு இடையில் நெடுவாலியின் இழைத்துண்டுகள் மிதந்தன. ஊர் இழையெடுப்புக்குக் கூடியது. வழக்கப்படி எல்லாரும் தோலைத் திறந்தார்கள். நூறு பேரும் ஆளுக்கொருவர்மேல் மெல்லச் சாய்ந்தார்கள். ஒவ்வொருவனும் "சாகப் போறேன்," என்றான். யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை.

பொடிச்சியும் திறந்துதான் வைத்திருந்தாள். அவளுக்கு நெடுவாலியின் துண்டு வேண்டும். அது உள்ளே வந்தது. அதே நேரத்தில் முதுகில் ஆறு கால்கள் ஊன்றின. அவனுடைய இழையும் உள்ளே வந்தது.

இப்போது அவளுக்குள் இரண்டு இழைகள் கிடந்தன. பார்வைக்கு எல்லா இழையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்தால்தான் யாருடையது என்று தெரியும். படிக்க நேரம் வேண்டும். அவள் ஒரு முனையைப் பிடித்துப் படிக்கத் தொடங்கினாள். அதற்குள் அவள் இடது கை தானாக வளைந்தது. பார்த்தாள். ஒரு சின்னக் காலின் முழங்கால் உருவாகிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மகள் பிறக்கும் நேரம் நெருங்கியிருந்தது. நடு உடம்பு ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது. இந்தக் கை இப்படியே வளைந்தால் அவளிடமிருந்து பிறப்பது மகளாக இருக்காது.

பொடிச்சி அரிவாளை எடுத்தாள். செத்தவரின் இழைமேல் அந்த ஊரில் யாரும் அரிவாள் வைத்ததில்லை. அவள் வைத்தாள். எது நெடுவாலியுடையது, எது அவனுடையது என்று பார்க்கவில்லை. உள்ளே புதிதாக வந்த எல்லாவற்றையும் நறுக்கினாள். நார் அரிவதுபோல, குறுக்காக, பொடிப்பொடியாக. கை வளைவது நிற்கும்வரை நறுக்கினாள்.

பக்கத்தில் இருந்த உருளையன் இதைப் பார்த்துவிட்டார்.

"என்னடி பண்றே? நெடுவாலி இழையையா நறுக்குறே?"

"அண்ணே, உள்ளே வந்ததை வெட்டுங்க. இது செத்தவன் இழை இல்ல."

"கூடப் பிறந்தவளுக்கே அரிவாள் எடுத்துட்டே. இதுல எனக்கு வேற சொல்லிக் கொடுக்கறியா?" அவர் திரும்பி நின்றுகொண்டார். "இந்த ஊர்ல யாரும் உன் பக்கம் வர மாட்டாங்க. நீ செத்தா உன் இழையை எடுக்க நாதி இருக்காது, பார்த்துக்கோ."

"அண்ணே, உங்க கையைப் பாருங்க," என்றாள் பொடிச்சி.

அவர் பார்க்கவில்லை. பசு அடுத்தமுறை அசைபோட்டபோது அவர் பிளந்தார்.

ஊர் நாலு அசைபோடலில் முடிந்தது. விழுந்த தட்டை விழுந்தபடி கிடந்தது. மேலேயிருந்து பசுவின் குரல் கேட்டது. "கீழே என்னம்மா ஆச்சு? வயிறு கல்லாட்டம் நிறைஞ்சிருக்கு. பசி மட்டும் அடங்கல."

"ஆள் இல்ல, ஆத்தா," என்றாள் பொடிச்சி.

பசு எழுந்திருக்காமல் படுத்துக்கிடந்தது. மடி வற்றியது. வெளியே கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் முட்டுவதை நிறுத்தியது.

பொடிச்சி தனக்குள் கிடந்த பொடிகளைத் தேடினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். பெரும்பாலானவை ஓரெழுத்து, ஈரெழுத்து. கணு என்றோ சாய்வு என்றோ எங்கும் இல்லை. இருந்திருக்கலாம், அவள் அரிவாள் அதன் நடுவில் போயிருக்கலாம். படிக்கிற அளவுக்கு நீளமாக ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. அதில் முழங்காலை எப்படி வளைப்பது என்று எழுதியிருந்தது. அது அவனுடையது.

அதை வெளியே எறியத்தான் முதலில் நினைத்தாள். தோலைத் திறக்கப் போய் நின்றாள். வெளியே அவன் கூட்டம் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. நாளை இன்னொரு சாவு விழும்போது அவர்களில் ஒருவன் வந்து சாய்வான். அப்போதும் இழைகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தத் துண்டு கையில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொருந்தினால் வெட்டலாம். பொருந்தாததை வைத்துக்கொள்ளலாம். இது அன்று கையில் இருந்திருந்தால் நெடுவாலியின் துண்டை விட்டுவிட்டு இவனுடையதை மட்டும் வெட்டியிருக்கலாம்.

அவள் தன் சொந்த இழையை ஓரிடத்தில் அறுத்தாள். வலித்தது. அந்த இடத்தில் அவன் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டு மூடினாள்.

பிறகு அவள் இரண்டானாள். மகளும் இரண்டானாள். தேங்கிக் கிடந்த தட்டையை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்தார்கள். பசு ஒருநாள் முன்னங்காலை ஊன்றி எழுந்தது. கன்று இல்லாத பசுவாக நடந்தது. அவர்கள் அரிவாள் கணுவில் வழுக்கியது. கணுக்கள் அப்படியே சாணத்தோடு போயின.

ஆறுகாலன் மறுபடி வந்தான். "சாகப் போறேன்," என்று மகள்மேல் சாய்ந்தான். மகள் உள்ளே வந்த இழையை முடிச்சுகளுக்கு நடுவில் இருந்த துண்டோடு வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. வெட்டினாள். அவன் கூடு மட்டும் அவள் தோலில் நின்றது.

வேலை முடிந்ததும் அவள் கேட்டாள். "அம்மா, எனக்குள்ள இருக்கே, இந்தத் துண்டு யாரோடது?"

"உன் பெரியம்மாவைக் கொன்னவனோடது."

பெரியம்மா என்று தன் வாயாலேயே சொன்னதைப் பொடிச்சி கவனித்தாள். அந்த வழக்கில் அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

"அப்போ பெரியம்மா இழை எங்கே இருக்கு?"

மகள் தன் உடம்பை முனையிலிருந்து முனைவரை தேடிப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

அன்று முதல்தான் பாக்டீரியாக்கள் தங்களைக் கொல்ல வந்த வைரஸ்களின் துண்டுகளைத் தங்கள் இழைக்குள் ஒரே மாதிரி முடிச்சுகளுக்கு இடையில் வைத்திருக்கின்றன, பிரியும்போது மகளுக்கும் கொடுத்தனுப்புகின்றன. அந்த முடிச்சுகளை இன்று அவிழ்த்துப் படிப்பவர்களுக்குக் கொன்றவர்களின் அடையாளம் வரிசையாகக் கிடைக்கிறது. செத்தவர்களின் பெயர் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.