தலை வணங்காத வாத்து ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னே, ஏரிகள் நிறைந்த குவளைநாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. அவனுடைய மந்திரி கூத்தபிரானுக்கு வயிறு கொஞ்சம் முன்னால் வரும். புத்தி அதற்கும் முன்னால் வரும்.

ஒரு மார்கழியில், பனிமலைகளைத் தாண்டி வடக்கேயிருந்து காட்டு வாத்துகள் வந்து ஏரியில் இறங்கின. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. தினமும் விடிந்ததும் அரண்மனைக்கு மேலே கத்திக்கொண்டே மேய்ச்சலுக்குப் பறந்துபோகும்.

"கூத்தபிரானே, என் தலைக்கு மேலேயே போகின்றன. ஒன்றாவது எனக்கு வணக்கம் சொல்லிற்றா?" என்றான் ராஜா.

"பறவைகள்தானே, மகாராஜா..."

பக்கத்தில் நின்ற தளவாய் வீரசிங்கராயருக்கு மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண். "அதுகளுக்கும் ஒரு ராஜா இருப்பான், பிரபு. அவன் கொடுத்த திமிர் இது. மந்திரியார் மனசு வைத்தால் அவனை வணங்க வைக்க மாட்டாரா?" என்று கொளுத்திப் போட்டார்.

ராஜாவுக்குப் பிடித்துக்கொண்டது. "நாளைக்குள் அந்த வாத்து ராஜா என்னை வணங்க வேண்டும். இல்லையென்றால் ஏரி முழுக்க வலை வீசி, அத்தனையையும் கறியாக்கிவிடுவேன். மந்திரி மோதிரம் ராயருக்கு!"

கூத்தபிரான் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார். ஆணும் பெண்ணுமாய், நடுவே அந்த வருஷத்துக் குஞ்சுகளுமாய் வாத்துகள் மேய்ந்தன. 'பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இத்தனை தூரம் வந்தது, வலையில் விழவா?' என்று அவருக்கு நெஞ்சு கனத்தது. பொழுது சாயும்வரை பார்த்தார். பிறகு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை எல்லோரும் ஏரிக்கு வந்தார்கள்.

"ராயரே, இதில் ராஜா யார்?" என்று கேட்டார் கூத்தபிரான்.

"கண் தெரியவில்லையா? எல்லாம் குனிந்து மேய்கிறதுகள். ஒன்று மட்டும் கழுத்தை நிமிர்த்தி நிற்கிறதே, அவன்தான்!"

"அவரைப் பிடித்துவர உங்களைப்போல் வீரர்தானே வேண்டும்?"

ராயர் தலைப்பாகையில் கோரைப்புல்லைச் செருகிக்கொண்டு சேற்றில் தவழ்ந்தார். நிமிர்ந்து நின்ற வாத்து ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் படபடவென்று கிளம்பியது. ராயர் சேற்றில் குப்புற விழுந்தார். மேலே போன வாத்துகள் அவர் முதுகில் எச்சமிட்டுப் போயின. ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.

கூட்டம் ஒரு வட்டமடித்துத் திரும்பி இறங்கியது.

"மகாராஜா, இந்த வரப்பில் உட்காருங்கள். பேசக் கூடாது, அசையக் கூடாது. அவர் வணங்குவார்."

ராஜா உட்கார்ந்தான். காலில் எறும்பு கடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். கழுத்தை நிமிர்த்திய வாத்தொன்று அவனையே பார்த்தது. வெகுநேரம் கழித்து, பக்கத்தில் மேய்ந்த இன்னொரு வாத்து தலையைத் தூக்கியது. உடனே முதல் வாத்து ராஜாவை நோக்கித் தரைவரை தலை தாழ்த்தியது.

"வணங்கிவிட்டான்!" என்று கிசுகிசுத்த ராஜாவின் முகம் மாறியது. "கூத்தபிரானே, இவன் புல் அல்லவா தின்கிறான்!"

"ஆமாம் மகாராஜா, பசி. மற்றவை மேயும்போது ஒன்று பட்டினியாய்க் காவல் நிற்கும். இன்னொன்று பொறுப்பேற்றால்தான் இது சாப்பிடும். பறக்கும்போது முன்னால் போவதும் அப்படித்தான். காற்றோடு மல்லுக்கட்டி அலுத்தால் பின்னால் வந்துவிடும். அவற்றுக்குள் ராஜாவே கிடையாது."

"மோசடி! மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், பிரபு!" என்று சேற்றோடு கத்தினார் ராயர்.

ராஜா வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் பட்டினியாய்க் காவல் நிற்கிறார்கள்," என்றான் ராஜா மெதுவாக. "நான் ஒருநாளும் நின்றதில்லை." பிறகு கடகடவென்று சிரித்தான். "வலையைச் சுருட்டுங்கள்!" தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

அன்று மத்தியானம் அரண்மனையில் விருந்து. காவலாளிகளையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, ராஜாவே வாசலில் கழுத்தை நிமிர்த்தி நின்றான். சாம்பார் போய் ரசம் வந்தது. ராஜா இலைமுன் வந்து உட்கார்ந்தான்.

"ராயரே, எழுந்திரும். உம்முடைய முறை."

சரியாக அப்போதுதான் பால் பாயசம் வந்தது. ராயர் ஓரக்கண்ணால் இலையைப் பார்த்தார்.

"கழுத்து, ராயரே, கழுத்து!" என்றான் ராஜா.

கூத்தபிரான் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார். "எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றப்பா. ராயர் பங்கில் கை வைத்துவிடாதே, அவர் முறை முடிந்து வருவார்."